கம்லா அசையாமல் படுத்த கதை

கம்லா ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஃபிஜியில் சிகடோகா ஆற்றோரம், நரேந்திராவின் கத்தரித் தோட்டத்தைத் தாண்டி உள்ளே போகிற மண்பாதையில் ஏழெட்டு வீடுகள். அதில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் முதலில் செய்வது கோணலாகத் தொங்கும் காலண்டரை நேராக்குவது. அப்புறம்தான் சௌக்கியம் விசாரிப்பாள். பஸ்ஸில் பக்கத்துப் பிள்ளையின் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தால், பெற்றவள் கூடவே இருந்தாலும் இவள் கை நீண்டுவிடும். யாருக்கும் கோபம் வராது. வந்தாலும் அதை அவளிடம் சொல்கிற தைரியம் வராது.

கடற்கரை ஹோட்டல் ஒன்றில் துணி அறைக்கு அவள்தான் தலைவி. பதினெட்டு வருஷ சர்வீஸ். படுக்கை விரிப்பு, துண்டு, போர்வை எல்லாம் அவள் கை பட்டுத்தான் அறைகளுக்குப் போகும். கடைசி எட்டு வருஷமாக அங்கே ஓர் ஆஸ்திரேலியாக்காரி விருந்தாளிகளுக்குக் காலையில் யோகா சொல்லிக்கொடுத்து வந்தாள். ஆசனங்கள் முடிந்ததும் எல்லாரையும் மல்லாக்கப் படுக்கவைப்பாள். வலது கைப் பெருவிரலில் தொடங்கி உடம்பில் ஒவ்வோர் இடமாகப் பேர் சொல்லிக்கொண்டே போவாள். பேர் சொன்ன இடத்துக்கு மனசு போக வேண்டும், அந்த இடத்தைத் தளரவிட வேண்டும், அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். தூங்கக் கூடாது, அசையவும் கூடாது. அரைமணி நேரம் இப்படி.

அந்த அறையைத் தயார் செய்வது கம்லாவின் பொறுப்பு. முழங்காலுக்கு அடியில் வைக்கிற போர்வையை மூன்றாக மடித்துச் சுருட்ட வேண்டும். அப்போதுதான் இடுப்பு தரையோடு பொருந்தும். கழுத்துக்கு மெல்லிசாக ஒரே மடிப்பு. விரிப்பின் நடுவில் சுருக்கம் விழுந்தால் முதுகை உறுத்தும். அசையாமல் கிடக்கிற உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதால் ஆளுக்கொரு துணி மேலே போர்த்த வேண்டும், மின்விசிறியை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். எல்லாம் முடித்துத் துண்டுகளோடு வாசலில் நிற்பாள். எட்டு வருஷம் நின்று கேட்டதில் அந்த அம்மாள் சொல்வது மூச்சு விடும் இடம் உள்பட அவளுக்கு மனப்பாடம். ஒருநாள்கூட அவள் படுத்ததில்லை. துணி அறைக்காரி விருந்தாளிகளோடு போய்ப் படுக்க முடியுமா என்ன? ஆனால் யோகாவில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இரண்டாயிரம் மே மாதம் தலைநகர் சூவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்து இந்தியப் பிரதமரைப் பிடித்துவைத்தார்கள். அடுத்த வாரமே கடற்கரை காலி. ஆஸ்திரேலியாக்காரி ஒரே ஒரு பையோடு விமானம் ஏறினாள். ஹோட்டலில் பாதிப் பேருக்கு வேலை போனது, கம்லாவுக்கு வாரம் இரண்டு நாள் என்றார்கள். எண்பத்தேழில் இதே மாதிரி நடந்தபோது அவளுடைய இரண்டு அண்ணன்களும் கனடாவுக்குப் போனார்கள். அப்போது கம்லா, ஓடுகிறவர்கள் ஓடட்டும், நான் இங்கேதான் என்று இடுப்பில் கை வைத்துச் சொன்னாள். இந்தத் தடவை அப்படிச் சொல்ல முடியவில்லை. மகள் தீப்திகா படித்துக்கொண்டிருந்த சூவா கல்லூரியை மூடிவிட்டார்கள். அவள் பெட்டியோடு வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஆக்லாந்தில் இருந்த மகன் அவினேஷ் தினமும் போன் செய்து, அப்பா அம்மா தங்கச்சி மூன்று பேருக்கும் நியூசிலாந்தில் குடியேற விண்ணப்பம் போட்டுவிட்டதாகச் சொன்னான். டாக்டர் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

ஜூலையில் மூன்று பேரும் மார்டின்டாரில் இருக்கிற டாக்டரிடம் போனார்கள். கணவர் வெங்கடசாமி முப்பது வருஷமாக குவீன்ஸ் ரோட்டில் பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு ஒரு குறையும் இல்லை. தீப்திகாவுக்கும் இல்லை. கம்லாவின் கையில் பட்டியைக் கட்டி அழுத்திப் பார்த்த டாக்டர் மறுபடி பார்த்தார். இன்னொரு கையிலும் பார்த்தார். நூற்று எண்பத்து நாலு, கீழே நூற்றுப் பன்னிரண்டு. இதை வைத்துக்கொண்டு தான் கையெழுத்துப் போட முடியாது என்றார். ஆறு வாரம் கழித்து வர வேண்டும், அதற்குள் பிரஷர் கட்டுக்குள் வர வேண்டும். வராவிட்டால் மூன்று பேர் ஃபாரமும் நின்றுவிடும். நியூசிலாந்துக்குப் போகிற வரிசை நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. இந்தத் தடவை தவறினால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மாத்திரை எழுதிக் கொடுத்தார், உப்பையும் ஊறுகாயையும் குறைக்கச் சொன்னார். அதெல்லாம் கம்லாவுக்குப் பெரிய காரியம் இல்லை. கடைசியாக ஒன்று சொன்னார்: தினமும் அரைமணி நேரம் ஒன்றுமே செய்யாமல் இருக்க வேண்டும். தீப்திகா சிரித்தே விட்டாள். கம்லா சிரிக்கவில்லை. அது எனக்குக் கைவந்த வேலை, ஆறு வாரம் எதற்கு, நாலு வாரம் போதும் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தாள். முன்னறையில் இருந்த சோபாவையும் நாற்காலிகளையும் வெங்கடசாமியை விட்டு போர்ச்சுக்குத் தூக்கிப் போடவைத்தாள். தரையைக் கூட்டித் துடைத்துப் பாய் விரித்தாள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். போர்வைகளை அளவாக மடித்தாள். ஹோட்டலில் பழசாகிக் கழித்துக் கொடுத்த வெள்ளை விரிப்பு ஒன்று இருந்தது, அதைப் போர்த்திக்கொள்ள எடுத்துவைத்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் மூன்று தாளில் தமிழில் எழுதினாள். தீப்திகாவுக்குத் தெரிந்த தமிழ் 'வா, சாப்பிடு'வோடு முடிந்துவிடும், அதனால் படிக்கிற வேலை வெங்கடசாமி தலையில் விழுந்தது. தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை தமிழ் படித்தவர், எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

முதல் நாள் அவர் படித்த லட்சணம் இருக்கிறதே, அதை அந்தப் பாதையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெருவிரல், ஆள்காட்டி விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை என்று பஸ் நிற்கிற ஊர்களைக் கூப்பிடுகிற மாதிரி ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டு போய் இரண்டே நிமிஷத்தில் உச்சந்தலையில் நிறுத்திவிட்டார். கம்லா எழுந்து உட்கார்ந்து, தன் மனசு இன்னும் மணிக்கட்டிலேயே நிற்கிறது என்றாள். இன்னொரு இடத்தில் அவர் படிக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். உடம்பு கனத்து மண்ணுக்குள் இறங்குவதாக நினைக்க வேண்டும் என்று அந்த ஆஸ்திரேலியாக்காரி சொல்வாள். கம்லா அதை அப்படியே எழுதியிருந்தாள். கட்டின பெண்டாட்டியைப் பார்த்து மண்ணுக்குள் போ என்று தன் வாயால் சொல்ல முடியாது என்றார். கடைசியில் பாய்மேல் இறங்குவது என்று மாற்றினார்கள்.

மூன்றாம் நாள்தான் அந்தக் கூத்து நடந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் முதல் வேலையாக சோபா நாற்காலி எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டு முன்னறை முழுக்கப் பாய் விரிப்பார்கள். காரியம் முடிகிற வரைக்கும் வருகிற சனம் தரையில்தான் உட்கார வேண்டும். அதனால் சோபா போர்ச்சில் கிடந்தால் பாதையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிடுவார்கள். இது கம்லாவுக்குத் தெரியாததல்ல. அங்கே எந்தச் சாவு வீட்டிலும் முதல் பாயை விரித்தது அவள் கைதான். ஆனால் அந்த மூன்று நாளும் அவள் கண்ணில் இருந்தது ஹோட்டல் யோகா அறை மட்டுமே. வேறு எதுவும் உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலை இரண்டு நாளாக சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்கும் வெயிலுக்கும் வெளியே கிடக்கிறதே என்று மூன்றாம் நாள் வந்து திரை இடுக்கில் எட்டிப் பார்த்தாள். கம்லா பாயில் நீட்டிக் கிடக்கிறாள். கழுத்து வரை வெள்ளைத் துணி. கண்மேல் இன்னொரு துணி. தலைமாட்டில் வெங்கடசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்து தாளைப் பார்த்து மெல்ல மெல்ல, இழுத்து இழுத்துப் படிக்கிறார். அவர் அன்றைக்குத்தான் நிதானமாகப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். செத்தவளுக்குத் தலைமாட்டில் ஏதோ பாராயணம் நடக்கிறது என்று அஞ்சலை முடிவு கட்டிவிட்டாள். ஊரில் எல்லாருமே கெட்ட செய்தி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்த காலம் அது. அவள் கதவைத் தட்டவில்லை. துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று வீட்டுக்கு ஓடி, சர்க்கரையும் தேயிலையும் எடுத்துவைத்துவிட்டு, போனைச் சுழற்றினாள்.

இருபது நிமிஷத்துக்குள் பாதை முழுக்கச் சனம். எதிர்வீட்டு சுஷீலா வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நரேந்திரா கொட்டகை போட இரண்டு தார்ப்பாயும் மூங்கிலும் ட்ராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கம்லா அப்போதுதான் வயிற்றுப் பக்கம் வந்திருந்தாள். இது என்ன சத்தம் என்று வெள்ளைத் துணியோடு எழுந்து உட்கார்ந்ததும் சுஷீலா போட்ட கூச்சலில் நரேந்திராவின் கையிலிருந்த மூங்கில் கீழே விழுந்தது.

கம்லாவின் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "இன்னாத்துக்கு எல்லாரும் செருப்போட உள்ள வர்றீங்க?" என்பதுதான். அதைக் கேட்டுத்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அஞ்சலைக்கு நிச்சயமானது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து சலோட்டே வந்து சேர்ந்தாள். ஹோட்டலில் கம்லாவோடு பன்னிரண்டு வருஷம் துணி மடித்தவள், ரோட்டுக்கு அப்பால் இருக்கிற பூர்வகுடி ஃபிஜிக்காரர் கிராமத்துக்காரி. அந்த வாரங்களில் ஃபிஜிக்காரரும் இந்தியரும் ரோட்டில் எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். சலோட்டே தாழைப் பாய் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு மைல் நடந்து வந்திருந்தாள். அவர்கள் வழக்கத்தில் துக்க வீட்டுக்குப் பாய் கொண்டுவந்து முன்னால் வைத்துத் தலைகுனிந்து பேச வேண்டும். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வாசலில் உட்கார்ந்து, பாயை முன்னால் வைத்து, செத்துப்போன கம்லாவின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டாள். கம்லா குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முடிந்த பிறகு அவள் கையைப் பிடித்து நிமிர்த்தினாள். சலோட்டே அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், அழுதாள், பாயைத் திரும்ப எடுத்துப்போக மட்டும் மாட்டேன் என்றாள். கொடுத்தது கொடுத்ததுதான்.

இப்போது கூடியிருக்கிற பதினோரு பேரை என்ன செய்வது? தேநீர் போட்டாயிற்று, குடித்தாயிற்று. யாருக்கும் எழுந்து போக மனசில்லை. மே மாதத்திலிருந்து அவர்களில் ஒருத்தரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. சுஷீலா வீட்டுத் தோட்டத்தில் காய் திருட்டுப் போனது. சலோட்டேக்கு வேலை போய்விட்டது. அஞ்சலையின் புருஷன் எந்தப் பக்கம் போனாலும் திரும்பி வருகிற வரைக்கும் அவள் பாதையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கம்லா சுற்றிப் பார்த்தாள். எழுந்து போய் அலமாரியில் இருந்த போர்வைகளை எல்லாம் எடுத்து வந்தாள்.

"வந்ததுதான் வந்தீங்க. படுங்க," என்றாள்.

ஆண்கள் நழுவிவிட்டார்கள். பெண்கள் படுத்தார்கள். கம்லா ஒவ்வொருத்தியின் முழங்காலுக்கும் போர்வை வைத்து, கழுத்தைச் சரிசெய்து, போர்த்திவிட்டாள். தமிழும் ஹிந்தியும் கலந்து அவளே சொன்னாள். பெருவிரலில் ஆரம்பித்துத் தோளுக்கு வருவதற்குள் நாலு பேர் குறட்டை. தூங்கக் கூடாதுதான், எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. முடிந்து எழுந்தபோது சுஷீலா, தன் தோள் காது வரைக்கும் ஏறி நின்றிருந்ததே இப்போதுதான் தெரிகிறது என்றாள்.

அதிலிருந்து செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்கு கம்லா வீட்டில் கூட்டம். காய் பறித்த கையைக் கழுவிக்கொண்டு வருவார்கள். கம்லா முழு மும்முரத்தில் இருந்தாள். பகல் சாப்பாடு கனமாக இருந்தால் வரக் கூடாது, வளையலைக் கழற்றி வைக்க வேண்டும், கொண்டையை அவிழ்த்தால்தான் தலை தரையில் படியும் என்று சட்டம் போட்டாள். ஹோட்டலில் கேட்ட இங்கிலீஷ் எல்லாம் அவள் வாயில் புதுப் பாஷையாக வந்தது. தாடையைத் தளர்த்துங்கள் என்பதற்கு, யாரையும் திட்டாத வாய் மாதிரி வையுங்கள் என்பாள்.

நாலு வாரம் கழித்து, வெற்றி நிச்சயம் என்ற நினைப்பில் சிகடோகா ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய்க் கையை நீட்டினாள். மாத்திரையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. நூற்று அறுபத்தெட்டு, நூற்று நாலு. அது போதாது என்று நர்ஸ் சொன்னாள். இரண்டு வாரம்தான் மிச்சம்.

கம்லாவுக்கு நம்பவே முடியவில்லை. நர்ஸின் மெஷினில் கோளாறு என்றாள். மாத்திரை பழசு என்றாள். வீடு வந்து சேருகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். தீப்திகா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டபோதுதான் வாய் நின்றது. பிள்ளையின் படிப்பு, வெளியூரில் ஒற்றையாக இருக்கிற மகன், எல்லாம் தன் ரத்தத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பயந்தாள். பயம் அவளுக்குப் பழக்கமில்லாதது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரித் துணிகளை எல்லாம் வெளியே எடுத்து மறுபடி மடித்தாள்.

வெங்கடசாமி வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசுகிற மனுஷர் இல்லை.

"ஒண்ணு கேக்கறேன். இந்த நாலு வாரத்துல நீ எத்தன தடவ படுத்தே?"

கம்லா எண்ணிப் பார்த்தாள். முதல் மூன்று நாள். அதற்கப்புறம் ஒருநாள்கூட இல்லை. மற்றவர்களைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"நா படுத்தா யாரு சொல்றது?"

"அஞ்சல சொல்லட்டும்."

"அவளுக்கு இன்னா தெரியும்? எல்லாத்தயும் மாத்தி மாத்திச் சொல்லுவா."

"மாத்திச் சொல்லட்டுமே. நீ எறங்கு கம்லா. முப்பது வருசமா வீட்ட நீயே ஓட்டற. கொஞ்ச நாளு வேற ஆளு ஓட்டட்டும், நீ பின்னாடி உக்காந்து வா."

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் இப்படிச் சொன்னது முதல் தடவை. கணக்குத் தப்பாக முப்பது என்று சொன்னார். கம்லா திருத்தவில்லை.

மறுநாளிலிருந்து செவ்வாய், வியாழன் என்பது தினமும் என்று ஆனது. அஞ்சலை மூன்று தாளையும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்லா கண்ணை மூடிக்கொண்டுகூட யார் தப்புச் செய்கிறார்கள் என்று பார்ப்பாள் என்பது அவள் நம்பிக்கை. அது பொய்யும் இல்லை. கம்லா படுத்தாள். பக்கத்தில் சுஷீலாவின் போர்வை சரியாக மடிக்கப்படவில்லை என்று அவள் மனசு சொன்னது. மூலையில் திரை விலகி வெளிச்சம் விழுகிறது என்று மூடிய இமைக்குள்ளேயே தெரிந்தது. கை எழுந்திருக்கப் பார்த்தது. பாயில் அழுத்தி வைத்தாள். அஞ்சலை முழங்கையைச் சொல்லிவிட்டு மணிக்கட்டுக்குத் திரும்பிப் போனாள். வயிற்றை இரண்டு தடவை சொன்னாள். வலது தொடை, வலது முழங்கால், வலது பாதம், ஐந்து விரல் என்று ஒழுங்காக வந்தவள், அங்கிருந்து நேரே முதுகுக்குத் தாவிவிட்டாள்.

இடது கால் வரவேயில்லை.

கம்லாவின் வாய் திறக்கப் பார்த்தது. இடது கால் எங்கேடி என்று கேட்டே ஆக வேண்டும் போலிருந்தது. இதயம் படபடவென்று அடித்தது. அந்த அடிப்பைத் தன் காதாலேயே கேட்டாள். ஒரு காலைச் சொல்லாமல் விட்டதற்கா இத்தனை அடிப்பு? இப்படித்தான் நாள் முழுக்க, வருஷம் முழுக்க, காலண்டருக்கும் பொத்தானுக்கும் சேர்த்து இது அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குத் தன் மேலேயே இரக்கம் வந்தது. போகட்டும் என்று விட்டாள். யாரும் பேர் சொல்லாத அந்தக் கால் பாட்டுக்குப் பாயில் கிடந்தது. அது கிடந்ததால் உலகத்தில் ஒன்றும் குடிமுழுகவில்லை. முதுகு சொன்னாள், கழுத்து சொன்னாள், கம்லா கூடவே போனாள். முடிந்து கண் திறந்தபோது அரைமணி போனது தெரியவில்லை. அஞ்சலை பயந்துகொண்டே, "அக்கா, எதுனா தப்பா சொன்னேனா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் சொன்னே," என்றாள் கம்லா. அதைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பதின்மூன்று நாள் அப்படிப் படுத்தாள். மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. மார்டின்டார் டாக்டர் பட்டியைக் கட்டியபோது அவள் மேஜையில் கோணலாகக் கிடந்த பேனாவைப் பார்த்தாள். அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். நூற்று முப்பத்தாறு, எண்பத்தாறு. டாக்டர் மூன்று தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தீப்திகா அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கம்லா தலை நிமிர்ந்து வெளியே வந்து, நான் சொன்னேனா இல்லையா என்று வெங்கடசாமியிடம் கேட்டாள். சிகடோகா போகிற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கரும்பு வயல்கள் போகத் தொடங்கியதும் அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள். வெங்கடசாமி பதறிப்போய் என்னவென்று கேட்டார்.

"ஜெயிக்கணும்னு மட்டுந்தான் நெனச்சேன்," என்றாள். "ஜெயிச்சா போவணும்னு இப்பத்தான் தெரியுது."

வழியெல்லாம் வெங்கடசாமி முப்பது வருஷம் ஓட்டிய ரோடு. அவரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

டிசம்பரில் விசா வந்தது. செய்தியைக் கேட்டதும் அஞ்சலையும் சுஷீலாவும் மூக்கைச் சிந்த ஆரம்பித்தார்கள். கம்லா அதட்டினாள். எனக்காக அன்றைக்கே ஒரு தடவை அழுதாயிற்று, அதுவே போதும் என்றாள். எண்பத்தேழிலிருந்து விமான நிலையத்தில் அவள் பார்க்காத அழுகை இல்லை. பஸ் பிடித்துப் போய்க் கண்ணாடிச் சுவரில் கை வைத்துக்கொண்டு ஊரே கதறும். இரண்டு அண்ணன்களையும் அப்படி அனுப்பியவள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, தன்னை யாரும் அப்படி அனுப்பக் கூடாது என்றாள். விமானம் பிப்ரவரியில், ஒரு வியாழக்கிழமை. நான்கரைக்கு வேன் கிளம்ப வேண்டும். அன்றைக்கும் நாலு மணிக்கு வழக்கம்போல வகுப்பு நடக்கும். அஞ்சலை சொல்வாள், எல்லாரும் படுத்திருப்பார்கள், தான் பாட்டுக்குப் போய்விடுவாள். இதுதான் ஏற்பாடு. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவளை எதிர்த்து எப்போதுதான் பேசியிருக்கிறார்கள்?

அந்த வியாழக்கிழமை, வெயிலும் புழுக்கமுமாக இருந்தது. வகுப்பு அஞ்சலை வீட்டுக்கு மாறியிருந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். கம்லா பயணப் புடவையோடு வந்து, ஹோட்டலில் செய்த மாதிரியே வேலையை ஆரம்பித்தாள். முழங்காலுக்குப் போர்வை. கழுத்துக்கு ஒரு மடிப்பு. மேலே துணி. ஒருத்தியையும் விடவில்லை, ஒருத்தியிடமும் பேசவில்லை. வெளியே வேனில் தீப்திகாவும் வெங்கடசாமியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆடு குறுக்கே வந்தாலும் ஹார்ன் அடிக்கிற மனுஷர், அன்றைக்கு ஓட்டுகிறவனிடம் ஹார்னைத் தொடாதே என்று சொல்லிவைத்திருந்தார்.

அஞ்சலை ஆரம்பித்தாள். இந்த ஆறு மாதத்தில் குரல் நன்றாகப் பழகிவிட்டிருந்தது. வலது கைப் பெருவிரல் என்றாள். கம்லா கடைசி ஆளாக சலோட்டேயின் காலடித் துணியை இழுத்துவிட்டுத் தலைமாட்டுக்கு வந்தாள். சலோட்டேயின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. மல்லாக்கப் படுத்து அழுதால் அப்படித்தான் போகும். கம்லா அடுத்தவளைப் பார்த்தாள். அவளுக்கும் அப்படியே. சுஷீலாவுக்கும். ஒன்பது பேர் காதும் நனைந்திருந்தது. ஒருத்தியும் விசும்பவில்லை, துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கவில்லை. சொல்கிற அஞ்சலையும் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கம்லா வாசலுக்குப் போனாள். அங்கேயே நின்றாள். யாராவது ஒருத்தி கண்ணைத் திறந்துவிட மாட்டாளா, தான் போட்ட ஏற்பாட்டை ஒருத்தியாவது உடைத்து எழுந்து வந்து தன்னைக் கட்டிக்கொள்ள மாட்டாளா என்று ஏங்கினாள். தன் ஆயுளில் முதல் தடவையாக, தன் பேச்சை யாராவது மீற வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அஞ்சலை தோள்பட்டைக்கு வந்துவிட்டாள். யாரும் கண்ணைத் திறக்கவில்லை. கம்லா செருப்பைப் போட்டுக்கொண்டு வேனில் போய் ஏறினாள்.